கொய்யாப்பழமும் முருங்கையிலையும்: உணவுச் சத்துக்களை ஒப்பிட்டு நோக்கல்

முன்னுரை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் கமக்காரருக்கு உணவுப் பொருள் அரிதன்று. படுவான்கரையில் நெல் வயல்கள் பரந்து கிடக்கின்றன. எழுவான்கரையின் மணற்றரையிற் கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை, வெங்காயம் முதலியன செய்கைபண்ணப்படுகின்றன. வாவி மீனையும் இறாலையும் தருகின்றது. இத்துணை வளமிருந்தும், தாய்மாரிலும் சிறுவரிலும் பலர் வெளிறிய முகத்தினராயும், சிறிது தூரம் நடந்தாலே களைப்பவராயும், அடிக்கடி நோயுறுபவராயும் காணப்படுகின்றனர். வயிறு நிறைய உண்டும் உடல் வளம் பெறாமைக்குக் காரணம் யாது?

வயிற்றை நிரப்புவது வேறு. உடலைக் காப்பது வேறு. சோறு உழைப்பிற்கு வேண்டிய சக்தியைத் தருகின்றது. மீன் தசையை வளர்க்கின்றது. ஆயின் இரத்தம் ஊறுவதற்கும், கண்ணொளி குன்றாதிருப்பதற்கும், புண் ஆறுவதற்கும், நோயை எதிர்ப்பதற்கும் வேண்டிய விற்றமின்களையும் கனியுப்புக்களையும் பெருமளவிற் பழங்களிலிருந்தும் காய்கறிகளிலிருந்துமே நாம் பெறுதல் வேண்டும். ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராமுக்குக் குறையாமற் பழமும் காய்கறியும் உண்ணல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. காய்கறி விளைவிக்கும் கமக்காரர் வீடுகளிலேயே இவ்வளவு உண்ணப்படுகின்றதா என்பதை ஒவ்வொருவரும் தம் அடுக்களையை நோக்கி அறிந்துகொள்ளலாம். விளைந்தவற்றுள் நல்லன யாவும் விடியற்காலையிற் சந்தைக்குச் சென்றுவிடுகின்றன. வீட்டிற் சோறும் ஒரு மீன் குழம்புமே எஞ்சுகின்றன.

இவ்வேளையில் வளவின் ஒரு மூலையிற் கொய்யாமரம் ஒன்று நிற்கின்றது. அதன் பழங்களை அணிலும் வௌவாலும் உண்கின்றன. வேலியோரத்தில் முருங்கைமரம் ஒன்று நிற்கின்றது. கறிக்கு வேறொன்றுமில்லாத நாளில் மட்டுமே அதன் இலையை ஒடிக்கின்றோம். வீட்டில் ஒருவர் நோயுற்றாலோ, கடைக்குச் சென்று தொலைநாட்டிலிருந்து வந்த அப்பிட்பழத்தைப் பணம் கொடுத்து வாங்குகின்றோம். பணமின்றிக் கிடைக்கும் இவ்விரு பொருள்களின் அருமையை எடுத்துரைத்து, இவற்றுள் எதில் எச்சத்து மிகுந்துள்ளது, இரண்டையும் எவ்வாறு உண்டால் முழுப் பயன் கிடைக்கும் என்பவற்றை விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

1. ஒப்பிடும் முறை

இரு பொருள்களை ஒப்பிடும்பொழுது நிறையைச் சமமாகக் கொள்ளல் வேண்டும். ஒரு படி நெல்லையும் ஒரு மூடை நெல்லையும் ஒப்பிட்டு விளைவைக் கணிப்பார் இல்லை. அதுபோலவே உணவையும் ஒரே நிறையில் எடுத்து நோக்குதல் முறையாகும். இங்கே தரப்படும் அளவுகள், உண்ணத்தக்க பச்சைப் பகுதி 100 கிராமில் அடங்கியவையாகும். நடுத்தரமான கொய்யாப்பழம் ஒன்று ஏறத்தாழ 100 கிராம் நிறையுள்ளது. காம்பு நீக்கி உருவிய முருங்கையிலை 100 கிராம் என்பது கையால் அள்ளிப் பல பிடி வரும்.

மண், இனம், முதிர்ச்சி, பறித்த நேரம் என்பவற்றிற்கேற்ப இவ்வளவுகள் கூடியும் குறைந்தும் காணப்படும். ஆகவே இவற்றைத் தராசின் முள்ளைப்போல் நுணுக்கமானவையாகக் கொள்ளாது, வேறுபாட்டின் தன்மையை உணர்த்துவனவாகக் கொள்க.

சக்தி: கொய்யாப்பழம் ஏறத்தாழ 68 கலோரி, முருங்கையிலை ஏறத்தாழ 64 கலோரி.

புரதம்: கொய்யாப்பழம் 2.5 கிராம், முருங்கையிலை 9 கிராம்.

விற்றமின் சி: கொய்யாப்பழம் 200 மில்லிகிராமுக்கு மேல், முருங்கையிலை 50 முதல் 200 மில்லிகிராம் வரை.

விற்றமின் ஏ: கொய்யாப்பழம் ஏறத்தாழ 30 மைக்கிரோகிராம்; முருங்கையிலை 350 மைக்கிரோகிராமுக்கு மேல்.

கல்சியம்: கொய்யாப்பழம் ஏறத்தாழ 18 மில்லிகிராம், முருங்கையிலை 185 மில்லிகிராமும் அதற்கு மேலும்.

இரும்புச்சத்து: கொய்யாப்பழம் ஏறத்தாழ 0.3 மில்லிகிராம், முருங்கையிலை ஏறத்தாழ 4 மில்லிகிராம்.

இவ்வட்டவணையை மேலோட்டமாக நோக்குவோர், முருங்கையிலையே எல்லாவற்றிலும் வென்றது எனவும், விற்றமின் சி ஒன்றில் மட்டுமே கொய்யா முந்தியது எனவும் முடிவுகட்டுவர். அம்முடிபு அவசரமானது. சட்டியில் ஏறிய பின்னரும், வயிற்றிற் சென்ற பின்னரும் இவ்வளவுகள் எவ்வாறு மாறுகின்றன என்பதை ஆராய்ந்த பின்னரே தீர்ப்புக் கூறுதல் தகும்.

2. கொய்யாப்பழம்

கொய்யா அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது. ஐரோப்பியர் வழியாகக் கீழைநாடுகளை அடைந்து, இன்று நம் வளவுகளிற் பிறந்த மரம்போலவே ஆகிவிட்டது.

கொய்யாவின் தனிச்சிறப்பு அதிலுள்ள விற்றமின் சி ஆகும். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் விற்றமின் சி போதுமானது. பாதிக் கொய்யாப்பழத்திலேயே இதனின் இருமடங்கு அடங்கியுள்ளது. தோடம்பழத்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராமே உண்டு. அப்பிட்பழத்திலோ 5 மில்லிகிராம் அளவே உண்டு. நோயாளிக்கென்று பணம் கொடுத்து வாங்கிய பழத்தைவிட, வளவில் வீழ்ந்து கிடக்கும் பழத்தில் இச்சத்து நாற்பது மடங்கு மிகுந்திருக்கின்றது என்பதைக் கமக்காரர் சிந்தித்தல் நன்று.

இச்சத்தின் அருமை கடலோடிகளின் துன்பத்தால் உலகிற்குத் தெரியவந்தது. முற்காலத்திற் பல மாதங்கள் கடலிற் சென்ற மாலுமிகள் பச்சையுணவு இன்மையால் முரசு வீங்கி, இரத்தம் கசிந்து மாண்டனர். 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் அந்நோயுற்ற பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் உண்ட இருவரே விரைவிற் குணமடைந்தனர். அப்பழங்களிலிருந்த பொருள் யாது என்பது இருபதாம் நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று. அங்கேரி நாட்டு அறிஞர் அல்பேட் சென்ட்-ஜோர்ஜி அதனைத் தம் நாட்டு மிளகாயினம் ஒன்றிலிருந்து பெருமளவிற் பிரித்தெடுத்தார். அவருக்கு 1937ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் தோட்டங்களில் விளையும் கறிமிளகாயும் இச்சத்து மிக்கதேயாகும்.

கொய்யாவின் நார்ப்பொருள் மலச்சிக்கலை நீக்க உதவுகின்றது. தசை சிவந்த இனத்தில் விற்றமின் ஏ ஆக மாறக்கூடிய நிறப்பொருள் சிறிதளவு உண்டு. வெண்டசை இனத்தில் அது மிகக் குறைவு. விற்றமின் சி தசையில் மட்டுமன்றித் தோலை அண்டிய பகுதியிலும் மிகுந்திருத்தலால், பழத்தைத் தோல் சீவாது நன்கு கழுவி உண்ணல் வேண்டும்.

3. முருங்கையிலை

முருங்கை நம் அயல்நாடாகிய இந்தியாவின் வடபாகத்து மலையடிவாரங்களிற் பிறந்தது. காயையும் பூவையும் இலையையும் உணவாகத் தரும் இம்மரத்தை நம்மவர் பெரும்பாலும் காய்க்காகவே வளர்க்கின்றனர். சந்தையில் விலைபோவது காயே. ஆயினும் சத்தில் இலை காயினும் பலமடங்கு மேம்பட்டது.

முதலாவதாக, கீரைகளுட் புரதம் மிகுந்தவற்றுள் இது ஒன்று. மீன் கிடையாத நாளிலும், மரக்கறியுணவு மட்டும் உண்போர் வீட்டிலும் இது பெரிதும் பயன்படும்.

இரண்டாவதாக, பச்சை நிறத்துள் மறைந்திருக்கும் மஞ்சள் நிறப்பொருளாகிய கரோட்டீன் இதில் நிறைந்துள்ளது. அது உடலில் விற்றமின் ஏ ஆக மாறுகின்றது. இவ்விற்றமின் குறைந்தால் அந்திவேளையிற் கண் தெரியாமற்போகும். இதனையே மாலைக்கண் என்பர். குறைபாடு முற்றினால் சிறுவரின் கண் மீளாது கெட்டுவிடும். தோல் வறண்டு தேரையின் தோல்போற் சொரசொரப்பாவதும் சத்துக்குறைவின் அறிகுறியே. கொழும்பிற் பணியாற்றிய மருத்துவ ஆராய்ச்சியாளர் லூசியஸ் நிக்கல்ஸ் 1933ஆம் ஆண்டில் இத்தோல் நோயை விவரித்து அதற்குப் பெயரும் சூட்டினார். நம் நாட்டு உணவின் குறையை ஆராய்ந்தோருள் அவர் முன்னோடியாவார்.

மூன்றாவதாக, எலும்பிற்கும் பல்லிற்கும் வேண்டிய கல்சியம் இதிற் கொய்யாவிலுள்ளதைப் போலப் பத்து மடங்குண்டு.

நான்காவதாக, இரத்தத்தின் செந்நிறத்திற்குக் காரணமான இரும்புச்சத்து இதில் அமைந்துள்ளது. இதனைத் தனியே விரித்துரைத்தல் வேண்டும்.

4. இரும்பும் விற்றமின் சியும்: இரண்டின் உறவு

இரத்தம் நுரையீரலிலிருந்து உயிர்வாயுவை ஏந்தி உடலெங்கும் கொண்டுசெல்கின்றது. அவ்வாயுவை ஏந்துவது இரும்பு சேர்ந்த ஒரு பொருளாகும். இரும்பு குறைந்தால் வாயு குறையும். வாயு குறைந்தால் உழைக்கும் வலு குறையும். வயலிற் களைபிடுங்கும் பெண் நண்பகலுக்கு முன்னரே சோர்ந்து வரம்பில் அமர்வதும், பள்ளிச் சிறுவன் பாடத்தில் மனம் செலுத்தாது தூங்கி விழுவதும் சோம்பலால் மட்டும் நிகழ்வன அல்ல. கருவுற்ற தாயின் இரத்தக் குறைவு பிள்ளைப்பேற்றின்போது உயிருக்கே ஆபத்தாகலாம். பிறக்கும் குழந்தையும் நிறை குறைந்து பிறக்கலாம். மாதந்தோறும் குருதி இழக்கும் பெண்களுக்கு ஆண்களைவிட மிகுதியான இரும்பு வேண்டும். நம் வீடுகளிலோ ஆண்களும் பிள்ளைகளும் உண்டபின், சட்டியில் எஞ்சியதைத் தாய் உண்ணும் வழக்கமே நிலவுகின்றது.

முருங்கையிலையில் இரும்பு இருக்கின்றது என்பது உண்மை. ஆயின் தாவர உணவிலுள்ள இரும்பை நம் குடல் எளிதில் ஏற்பதில்லை. உண்ட இரும்பிற் சிறுபங்கே இரத்தத்திற் சேர்கின்றது. எஞ்சியது கழிவோடு சென்றுவிடுகின்றது. வயலுக்குப் பசளை இட்டும், நீர் இல்லாமையாற் பயிர் அதனை உறிஞ்ச இயலாது நிற்கும் நிலையை இதற்கு ஒப்பிடலாம். பசளை மண்ணில் உண்டு. பயிருக்கோ அது எட்டவில்லை.

வயலுக்கு நீர் எவ்வாறோ, இரும்பிற்கு விற்றமின் சி அவ்வாறே. ஒரே வேளை உணவில் இரும்பும் விற்றமின் சியும் சேர்ந்திருக்குமாயின், குடல் ஏற்கும் இரும்பின் அளவு இரண்டு மூன்று மடங்குவரை உயரக்கூடும். காலையிற் கொய்யாப்பழமும் இரவில் முருங்கையிலையும் உண்டால் இப்பயன் கிடையாது. இரண்டும் வயிற்றில் ஒன்றாகச் சந்தித்தல் வேண்டும்.

இங்கேதான் நம் ஒப்பீட்டின் விடை அமைந்திருக்கின்றது. கொய்யாவில் இரும்பு இல்லையென்றே கூறலாம். முருங்கையிலையிலுள்ள இரும்பு தானாக உடலிற் போதியளவு சேர்வதில்லை. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவுசெய்கின்றது. கொய்யா பெரிதா, முருங்கை பெரிதா என வினவுவது, நுகத்திற் பூட்டிய இரு எருதுகளில் எது ஏரை இழுக்கின்றது என வினவுவதைப் போன்றதாகும்.

மீனும் இறாலும் இவ்வகையில் உதவுவனவே. அவற்றிலுள்ள இரும்பு எளிதில் உடலிற் சேர்வதோடு, உடனுண்ட கீரையின் இரும்பையும் ஏற்கச் செய்கின்றது. ஆதலால் நெத்தலி அல்லது சிற்றிறால் சேர்த்து முருங்கையிலையைச் சமைக்கும் வழக்கம் ஆராய்ச்சியறிவிற்கும் இசைந்ததேயாகும்.

இரும்பிற்குப் பகையானவையும் உண்டு. அவற்றுள் முதன்மையானது தேநீர். உணவோடும், உண்டவுடனும் அருந்தும் தேநீர், இரும்பு உடலிற் சேர்வதைப் பாதிக்கு மேலும் குறைத்துவிடக்கூடும். தேநீரை விட்டொழிக்க வேண்டுவதில்லை; உணவிற்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது கழியவிடல் வேண்டும். சிறு பிள்ளைகளுக்குத் தேநீர் கொடாதிருத்தலே நன்று.

5. சட்டியில் இழப்பதும் நிலைப்பதும்

விற்றமின் சி நீரிற் கரையும். வெப்பத்தாலும் காற்றாலும் அழியும். இலையை நறுக்கிய பின் கழுவினால் நீரோடு செல்லும். நெடுநேரம் அவித்தால் அழியும். மீண்டும் மீண்டும் சூடாக்கினால் எஞ்சியதும் ஒழியும். ஆதலால், முருங்கையிலை பச்சையாக இருக்கும்பொழுது அட்டவணையிற் கண்ட விற்றமின் சி முழுவதும் நம் தட்டை அடைவதில்லை. கொய்யாப்பழமோ சட்டியையே காணாது பச்சையாக உண்ணப்படுவதால், தன் விற்றமின் சியை முழுமையாகத் தருகின்றது. இதனாற் கொய்யாவின் சிறப்பு அட்டவணையிற் கண்டதினும் மிகுகின்றது. கொய்யாவிற் பாகும் இனிப்பும் செய்யும்பொழுதோ, சுவை நிலைப்பினும் இச்சத்திற் பெரும்பங்கு அழிந்துவிடும்.

இரும்பும் கல்சியமும் வெப்பத்தால் அழிவதில்லை. அவித்த நீரை வடித்துக் கொட்டினாற் சிறிது இழக்கலாம். ஆதலால் கீரை அவித்த நீரைக் கொட்டாது சொதியிலோ குழம்பிலோ சேர்க்க.

கரோட்டீன் நீரிற் கரைவதில்லை, கொழுப்பிலேயே கரைகின்றது. கொழுப்பின்றி உண்ட கரோட்டீன் உடலிற் சேராது வீணாகும். நம் தாய்மார் முருங்கையிலையைத் தேங்காய்ப்பூவோடு சுண்டியும், தேங்காய்ப்பால் விட்டும் சமைப்பது இவ்வகையில் மிகவும் பொருத்தமானது.

இலையைக் காயவைப்பதாயின் நேர்வெயிலிற் பரப்பலாகாது. வெயில் கரோட்டீனை அழிக்கும். நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் உலர்த்துக. காய்ந்த இலைத்தூளின் பெருமையைக் கூறி அதிக விலைக்கு விற்போர் இக்காலத்திற் பலர். நீர் வற்றியதால் தூளில் இரும்பும் கல்சியமும் செறிந்திருப்பது உண்மையே. ஆயின் விற்றமின் சி பெரும்பாலும் அழிந்துவிடுகின்றது. அன்றியும், ஒருவர் உண்பது ஒரு தேக்கரண்டித் தூள். அது சில கிராமே நிறையுள்ளது. 100 கிராம் தூளிலுள்ள சத்தைக் கூறி ஒரு தேக்கரண்டியை விற்பது நேரிய ஒப்பீடாகாது. வேலியில் மரம் நிற்கும்பொழுது தூளுக்குப் பணம் செலவிடல் வேண்டுவதில்லை.

6. ஒரு வீட்டிற்கு ஒரு நேர உணவு

ஐவர் கொண்ட குடும்பத்திற்கு உருவிய இலை 250 கிராம் போதுமானது. ஒருவருக்கு 50 கிராம் வீதம் ஏறத்தாழ 2 மில்லிகிராம் இரும்பும் 4 கிராமுக்கு மேற்பட்ட புரதமும் கிடைக்கும். சமைக்கும் முறை வருமாறு:

கொம்போடு இலையை முதலிற் கழுவி நீரை உதறுக. பின்னரே இலையை உருவுக. வெங்காயம், பச்சை மிளகாய், சிறிது மஞ்சள், உப்பு ஆகியவற்றை அளவாக நீர் விட்டு அவிக்க. நெத்தலியோ சிற்றிறாலோ சேர்ப்பதாயின் இவற்றோடு சேர்த்து வேகவைக்க. இறுதியில் இலையையும் துருவிய தேங்காயையும் இட்டு மூடி, ஒரு சில நிமிடம் மட்டும் வைத்துக் கிளறி இறக்குக. அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே தேசிக்காய்ப்புளி பிழிக. அடுப்பிலிருக்கும்போது புளிவிட்டால் அதன் விற்றமின் சி குறைந்துவிடும்.

உண்டு முடிந்தவுடன் ஒவ்வொருவரும் பாதிக் கொய்யாப்பழமாவது உண்க. ஐவருக்கு மூன்று பழம் போதும். தேநீர் பின்னர் ஆகுக. கொய்யா காய்க்காத காலத்திற் பப்பாசிப்பழமும் தோடம்பழமும், மாம்பழமும் இவ்விடத்தை ஏற்கும். முருங்கை துளிர்க்காத காலத்தில் அகத்தி, பொன்னாங்காணி, முளைக்கீரை முதலியவற்றைக் கொள்க.

வாரத்தில் மூன்று நாள்களேனும் இவ்வாறு உண்ணப் பழகுதல் நன்று. உணவைப் பங்கிடும்பொழுது தாய்க்கும் பெண்பிள்ளைகளுக்கும் உரிய பங்கை முதலிலேயே எடுத்து வைத்தல் வேண்டும். ஆறு மாதம் நிரம்பிய குழந்தைக்குத் தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கும் சோற்றில், நன்கு வெந்த இலையை மசித்துச் சேர்க்கலாம். கொய்யாப்பழத்தை விதை நீக்கிப் பிசைந்து கொடுக்கலாம்.

7. வளவில் நடும் முறை

கொய்யா: விதையில் முளைத்த கன்று தாய்மரத்தை ஒத்திருப்பதில்லை. ஆகவே நல்ல மரத்திற் காற்றுப்பதி வைத்துக் கன்று பெறுக. பென்சிற் பருமனுக்குக் குறையாத கிளையில் ஓர் அங்குல அகலத்திற்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரமான தும்புத்தூளும் மண்ணும் வைத்துப் பொலித்தீனாற் கட்டினால், ஏறத்தாழ இரண்டு மாதத்தில் வேர்விடும். வாடகீழ்மழை தொடங்கும் ஐப்பசியில், இரண்டு அடி நீள அகல ஆழமுள்ள குழியில் மேல்மண்ணும் மக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்பி நடுக. மரத்திற்கு மரம் பதினைந்து அடி இடைவெளி வேண்டும். இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டிற் காய்க்கத் தொடங்கும். புதுத்தளிரிலேயே பூக்கும் இயல்பினதாகையால், அறுவடைக்குப் பின் நுனிக்கிளைகளை வெட்டிவிடுதல் நன்று.

கொய்யாவின் பெரும்பகை பழ ஈயாகும். அது தோலின் கீழ் முட்டையிடும். புழுக்கள் தசையை அழுகச்செய்யும். தேசிக்காயளவு பருத்த காய்களைக் கடதாசிப் பையாற் கட்டி மூடுக. விழுந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி ஆழக் குழியிற் புதைக்க. ஒரு வளவில் விழுந்து அழுகும் பழம் அயல் வளவுகள் எல்லாவற்றிற்கும் ஈயைப் பெருக்குமாதலால், இதனை ஊரார் யாவரும் ஒருங்கு செய்தல் வேண்டும்.

முருங்கை: மணிக்கட்டுப் பருமனுள்ள கொம்பை மூன்று நான்கு அடி நீளத்தில் வெட்டி, மூன்றிலொரு பங்கு மண்ணுள் இருக்கும்படி நடுக. எழுவான்கரை மணற்றரை இதற்கு மிகவும் ஏற்றது. படுவான்கரையின் களித்தரையில் வெள்ளம் தேங்கி வேர் அழுகுமாதலால், மண்ணைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் நடுதல் வேண்டும்.

முருங்கையின் மரம் மென்மையானது. காற்றில் எளிதில் முறியும். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் உறுதியான தென்னைகளே வேரோடு சாய்ந்தன. மாரி தொடங்குமுன் மரத்தை மூன்று நான்கு அடி உயரத்தில் தறித்துவிட்டால், காற்றிற்குத் தப்புவதோடு கைக்கெட்டும் உயரத்தில் இளந்துளிரும் மிகும். அடிக்கடி தறிக்கும் மரத்திற் காய் குறையும். ஆகையால் காய்க்கு ஒரு மரமும் இலைக்கு ஒரு மரமும் வைத்துக்கொள்க. மயிர்க்கொட்டி கூட்டமாகத் தண்டில் ஒதுங்கியிருக்கும்பொழுது, கோலில் துணி சுற்றிய தீப்பந்தத்தாற் கருக்கி அழிக்கலாம்.

காய்கறிப் பாத்திகளுக்குப் பூச்சிகொல்லி தெளிப்போர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். காற்றில் பறந்த மருந்து வேலியிலுள்ள முருங்கையிலும் கொய்யாவிலும் படியும். மருந்துப் போத்தலிற் குறித்த நாள்கள் கழியுமுன் அவற்றைப் பறித்து உண்ணலாகாது.

8. சில ஐயங்களும் விடைகளும்

கொய்யாப்பழம் உண்டால் தடிமன் பிடிக்குமா? பிடிக்காது. தடிமன் ஒருவரிலிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் நுண்ணுயிரால் வருவது.

நீரிழிவு உள்ளோர் கொய்யாவை உண்ணலாமா? சீனி சேர்க்காது, சாறு பிழியாது, முழுப்பழமாக அளவோடு உண்ணலாம்.

கருவுற்ற தாய் முருங்கையிலை உண்ணலாமா? நன்கு சமைத்த இலையைக் கறியாக உண்ணலாம். வேரையும் பட்டையையும் உட்கொள்ளலாகாது. அவை தீங்கு விளைவிக்கும்.

கீரை உண்டால் சிகிச்சை நிலையத்திற் கொடுக்கும் இரும்பு மாத்திரைகளை விட்டுவிடலாமா? விடலாகாது. கருவுற்ற காலத்தின் தேவை உணவால் மட்டும் நிறைவதன்று. குடும்பநல உத்தியோகத்தர் கூறியவாறு மாத்திரையைத் தவறாது உட்கொள்ளல் வேண்டும். தேநீரோடு உட்கொள்ளாது நீரோடு உட்கொள்க.

நல்ல உணவு உண்டும் வெளிறியிருப்பதேன்? கொக்கிப்புழு குடலிலிருந்து இரத்தத்தை உறிஞ்சலாம். அது அசுத்தமான ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் வழியே உடலிற் புகுகின்றது. மலகூடத்தைப் பயன்படுத்துக, தோட்டத்திற் பாதணி அணிக, புழுமருந்து பற்றி மருத்துவரை வினவுக. இரத்தக் குறைவிற்குப் பரம்பரை நோய்களும் வேறு காரணங்களும் உண்டாதலால், களைப்பு நீங்காதோர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளல் வேண்டும்.

மருந்து உண்போர் எவரேனும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டுமா? இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டுவதோ குறைப்பதோ மருத்துவரைக் கேட்டே செய்தல் வேண்டும்.

9. நினைவிற் கொள்ள வேண்டியவை

(1) விற்றமின் சியிற் கொய்யாப்பழம் மேம்பட்டது. பச்சையாக உண்ணப்படுவதால் அச்சத்து அழியாது கிடைக்கின்றது.

(2) புரதம், கல்சியம், இரும்பு, விற்றமின் ஏ ஆகியவற்றில் முருங்கையிலை மேம்பட்டது.

(3) இரண்டையும் ஒரே வேளையில் உண்டால், இலையின் இரும்பு உடலிற் பன்மடங்கு சேரும்.

(4) உணவோடு தேநீர் அருந்தாதீர். ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

(5) இலையைக் கழுவிய பின் உருவுக, குறைந்த நேரம் சமைக்க, தேங்காய் சேர்க்க, இறக்கிய பின் புளி விடுக.

(6) ஒவ்வொரு வளவிலும் ஒரு கொய்யாவும் இரண்டு முருங்கையும் நிற்றல் வேண்டும்.

முடிவுரை

கமக்காரரே! நாட்டிற்கு உணவளிப்பவர் நீவிர். உம்முடைய கையால் விளைந்த காய்கறியை உண்டு நகரத்தார் நலம்பெறும்பொழுது, உம் பிள்ளை சத்துக்குறைவால் வாடுவது தகுமோ? சந்தைக்குச் செல்லும் கூடையைக் கட்டுமுன், வீட்டிற்குரிய பங்கை எடுத்து வையும். விதைநெல்லை விற்றுவிடும் கமக்காரர் எவருமிலர். அடுத்த போகம் அதிலேயே தங்கியிருக்கின்றது என்பதை யாவரும் அறிவர். தாயின் உடல்நலமும் பிள்ளையின் கண்ணொளியும் குடும்பத்தின் விதைநெல்லாகும்.

வரும் மாரிக்கு முன் கொய்யாக் கன்றுக்குக் குழி வெட்டும். வேலியில் ஒரு முருங்கைக் கொம்பை நாட்டும். கன்று பெறும் இடமும் காற்றுப்பதி வைக்கும் முறையும் பற்றி மேலும் அறிய விரும்புவோர், தம் பகுதிக்குரிய விவசாயப் போதனாசிரியரை அணுகிக் கேட்டுக்கொள்வாராக.